சாவிப்பலகை

எங்கள் லாட்ஜுக்குப் பெயர் காவேரி வியூ.
ஜன்னலைத் திறந்தால் தெரிவதோ
பேருந்து நிலையத்தின் முதுகும்
எங்கள் தண்ணீர்த் தொட்டியும்.
வியூ எங்கே என்று கேட்டவர்களிடம்
வஜ்ஜிரவேல் முதலாளி காதைத் தொட்டுக் காட்டுவார்:
ராத்திரி அடங்கட்டும், கேட்கும்.

கேட்கும். அதில் பொய்யில்லை.

பதினான்கு அறை, பதினான்கு ஆணி.
பலகை வெறுமையாய் இருந்தால்
வீடு நிறைந்திருக்கிறது என்று பொருள்.
ஆடிப் பதினெட்டுக்கு மொட்டைமாடியைக்கூட
பாய்க்கு இத்தனை என்று விட்டோம்.
சேலத்துக்காரர்கள், திருப்பத்தூர்க்காரர்கள்,
கன்னடத்தில் சண்டைபோட்டுத் தமிழில் சமாதானமாகும்
ஆனேக்கல் குடும்பங்கள்,
தாலியில் மஞ்சள் காயாத ஜோடிகள்.
எல்லோரும் விட்டுப்போனது ஒன்றைத்தான்:
எண்ணெய்.
தலையணையில், சுவரில், தாழ்ப்பாளில்.
விரிப்பு ஒன்றுக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டு
என் கைரேகை பாதி அழிந்துவிட்டது.
ஜோசியக்காரன் பார்த்துவிட்டுக் காசு வாங்கவில்லை.

பிறகு தண்ணீர் கணக்காகிவிட்டது.
பிலிகுண்டுலுவில் ஆற்றை அளக்கிறவர்
எங்கள் உலையையும் சேர்த்தே அளந்தார்.
கூடினால் பரிசலுக்குத் தடை.
குறைந்தால் பாறைக்கு நடுவே பரிசல் எதற்கு?
செய்தியில் ‘கனஅடி’ என்ற சொல் வந்ததும்
மாதேசு துடுப்பை எங்கள் வராந்தாவில் சாத்துவான்.
ஒரு தரம் மூன்று மாதம் சாத்தியபடியே கிடந்தது.
அதில் கரையான் ஏறிய அன்று
அவன் திருப்பூர் பஸ்ஸில் ஏறினான்.

சாவிகள் ஆணிக்குத் திரும்பின.
காற்றடித்தால் பதினான்கும் சேர்ந்து பலகையைத் தட்டும்.
அந்தச் சத்தம் தாங்காமல்
முதலாளி மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.

அப்புறம் குழாய் வந்தது.
ஆறு மலையேறி
பென்னாகரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று
ஊர் ஊராய் நடந்தது.
‘குளிக்க வந்தவன் வீட்டுக்கே
ஆறு குளிப்பாட்டப் போயிடுச்சு’ என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.

திட்ட எனக்கு வாய் வரவில்லை.
வாயைத் திறந்தால்தான் தெரியுமே,
பாப்பாரப்பட்டி போர்த் தண்ணீர்
என் பல்லில் எழுதிய பழுப்புக் கோடு.
கல்யாண போட்டோவிலும் உதட்டை மூடியே நிற்கிறேன்.
அங்கே என் அக்கா மகள் தர்ஷினி
குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள்,
எதற்கெடுத்தாலும் பல் தெரியச் சிரிக்கிறாள்.
அவள் ஒரு தடவை சிரித்தால்
எங்களுக்கு ஒரு அறை காலி
என்று வைத்துக்கொள்ளுங்கள்.
சிரிக்கட்டும்.

இப்போது எல்லாம் மாத வாடகை.
இரண்டாம் எண்ணில் டாஸ்மாக் சூப்பர்வைசர்.
நான்கில், புருஷன் வீட்டிலிருந்து
ஒரு குக்கரோடு வந்துவிட்ட அங்கன்வாடி டீச்சர்.
ஆறிலும் ஏழிலும் ஒடிசாப் பையன்கள்;
ஒருவன் எழுந்த சூட்டிலேயே இன்னொருவன் படுக்கிறான்.
பதினொன்றில் குப்புராஜ் சார், ரிட்டையர்டு.
கல்யாணமான புதிதில்
இதே அறையில்தான் தங்கினாராம் மனைவியோடு.
பழைய பேரேடுகளை எல்லாம் புரட்டிப் பார்த்தேன்.
எந்த வருஷத்திலும் அவர் பெயர் இல்லை.
சொல்லவில்லை.
அட்வான்ஸைச் சில்லறை பாக்கியில்லாமல் கொடுத்தவர்.

இவர்கள் யாரும் ஆற்றுப் பக்கம் போவதில்லை.
எண்ணெய்க்கறை இல்லை. தாளித்த கருக்கல் உண்டு.
சாவியை யாரும் திருப்பித் தருவதுமில்லை,
பாக்கெட்டில், முந்தானையில், தலையணைக்கடியில்.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு
ஒரு ஜோடி, பைக்கில், நனைந்த பூவோடு.
ரூம் இருக்கா அக்கா?
பலகையைப் பார்த்தேன். பதினான்கு வெறும் ஆணி.
‘ஃபுல்’ என்றேன்.
எத்தனை வருஷமாயிற்று அதைச் சொல்லி!
இன்னொரு தரம் கேட்க மாட்டார்களா என்றிருந்தது.

போகத் திரும்பிய பெண் நின்றாள்.
‘அது என்ன, ஃபால்ஸ் சத்தமா?’
முகமெல்லாம் வெளிச்சம் அவளுக்கு.
நானும் காது கொடுத்தேன்.

மாடியில் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.
மோட்டாரை நிறுத்த ஓடினேன்.